கூண்டுப் பறவைகளின் குடிநீர்: வரலாறு

கூண்டுகளிலும் பறவைக்கூடங்களிலும் வளரும் பறவைகளுக்கு எந்த நீரைக் கொடுப்பது என்பது பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. காட்டுப் பறவை ஒரு குட்டை கெட்டுப்போனால் வேறொன்றைத் தேடிப் பறந்துவிடும். கூண்டுப் பறவைக்கு அந்த வழி இல்லை. வளர்ப்பவர் ஊற்றியதுதான் அதற்கு ஆறும் குளமும் மழையும். ஆகவே இந்த வரலாறு, 'நல்ல தண்ணீர்' என்று மனிதர்கள் காலந்தோறும் எதை நம்பினார்கள் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. அந்த நம்பிக்கை பலமுறை தவறியது. நீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள் பலர். அது எந்த உலோகத்தைத் தொட்டு வருகிறது, எந்தக் கிண்ணத்தில் எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் சிலரே.

ரோமானியர் காலம்

பறவைக்கூடத்தின் நீரைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ரோமானிய அறிஞர் மார்க்கஸ் டெரென்டியஸ் வார்ரோவுடையது. கி.மு. 37இல் வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதி பண்ணை வீட்டில் வளர்க்கப்படும் உயிர்களைப் பற்றியது. அதில், பூங்குருவிகளை ஆயிரக்கணக்கில் அடைத்துக் கொழுக்க வைக்கும் கூடத்தை எப்படிக் கட்டுவது என்று விளக்குகிறார். நீர் குழாய் வழியே உள்ளே வர வேண்டும். வந்த நீர் அகன்று பரவாமல், எளிதில் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய குறுகிய வாய்க்கால்களில் ஓட வேண்டும் என்பது அவர் கருத்து. அகலமாகத் தேங்கிய நீர் சீக்கிரம் அழுக்காகும், குடிப்பதற்கும் பயன்படாது என்று காரணமும் சொல்கிறார். மிகுந்த நீர் இன்னொரு குழாய் வழியே வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சேற்றால் பறவைகள் துன்பப்படும் என்கிறார்.

கிருமிக் கொள்கை பிறக்காத காலத்தில் எழுதப்பட்ட அறிவுரை இது. இதில் பரிவைவிடப் பணம்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். ரோமுக்கு வெளியே சலேரியா சாலையில் 24ஆம் மைல்கல் அருகே இருந்த தம் சிற்றன்னையின் பண்ணைவீட்டைப் பற்றி வார்ரோ குறிப்பிடுகிறார். அங்கிருந்து ஒரே ஆண்டில் 5,000 பூங்குருவிகள், ஒன்று 3 தெனாரியஸ் வீதம், 60,000 செஸ்டர்ஸ் காசுக்கு விற்கப்பட்டனவாம். அத்தனை பறவைகளை அடைத்து வைத்திருப்பவருக்கு ஒரு வாய்க்கால் கெட்டால் என்ன இழப்பு என்பது தெரிந்தே இருக்கும்.

எல்லா ரோமானியச் செல்வந்தரும் இப்படி யோசித்தவர்கள் அல்லர். லூகுல்லஸ் என்ற தளபதி டஸ்குலம் ஊரில் பறவைக்கூடத்துக்குள்ளேயே உணவு அறையைக் கட்டினார். பறவைகள் கண்ணுக்குத் தந்த மகிழ்ச்சியைவிட நாற்றம் மூக்குக்குத் தந்த தொல்லை பெரிது என்று வார்ரோ அதைப் பற்றி எழுதியிருப்பது படிக்கச் சுவையானது.

நீரைக் கொண்டுவரும் குழாய் எதனால் ஆனது என்று வார்ரோ சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவர் அதே நூற்றாண்டில் எழுதிய கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். சுட்ட மண் குழாயில் வரும் நீர் காரீயக் குழாயில் வரும் நீரைவிட உடலுக்கு நல்லது என்றார் அவர். காரீய வேலை செய்வோரின் வெளிறிய முகத்தையே அதற்குச் சான்றாகக் காட்டினார். காரீயத்தின் லத்தீன் பெயர் பிளம்பம். குழாய் வேலை செய்பவரை நாம் இன்றும் 'பிளம்பர்' என்று அழைப்பது அதிலிருந்து வந்ததுதான். (தமிழ் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) விட்ருவியஸின் எச்சரிக்கையை ரோமானியர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்கால ஐரோப்பாவும் அப்படியே இருந்தது. வளைக்கவும் இணைக்கவும் எளிதான காரீயக் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டு வரை வீடுகளுக்குள் போடப்பட்டு வந்தன.

வாளி இழுத்த பறவை

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள மொரிட்ஸ்ஹுயிஸ் அருங்காட்சியகத்தில் கரேல் ஃபப்ரிட்டியஸ் 1654இல் வரைந்த சிறிய ஓவியம் ஒன்று இருக்கிறது. சுவரில் பொருத்திய தீனிப்பெட்டியின் மேல் ஒரு கோல்டுஃபிஞ்ச் குருவி உட்கார்ந்திருக்கிறது. அதன் காலில் மெல்லிய சங்கிலி. டச்சு மொழியில் இந்தக் குருவிக்கு 'புட்டர்' என்று பெயர். நீர் இறைப்பது என்று பொருள்படும் சொல்லோடு தொடர்புடையது. விரல் கவசம் அளவே உள்ள ஒரு சிறு வாளியை, கீழே வைத்த பாத்திரத்திலிருந்து அலகாலும் காலாலும் சங்கிலியைப் பிடித்து இழுத்து நீர் குடிக்க இக்குருவிகள் பழக்கப்பட்டன. வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

அந்தப் பறவைக்குத் தாகம் ஒரு வேலையாக மாற்றப்பட்டது. சங்கிலி சிக்கிக்கொண்டாலோ கீழே உள்ள பாத்திரம் வற்றினாலோ அது குடிக்காமல் கிடக்க வேண்டியதுதான். நீரின் தரத்தைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. வார்ரோவின் பூங்குருவிகளுக்காவது ஓடும் வாய்க்கால் இருந்தது.

18ஆம் நூற்றாண்டில் கேனரிக் குருவி வளர்ப்பு ஐரோப்பிய நடுத்தர வீடுகளுக்குப் பரவியது. கையேடுகளும் வந்தன. ஜெர்மானிய இயற்கையியலாளர் யோஹான் மத்தேயுஸ் பெக்ஸ்டைன் வீட்டுப் பறவைகளைப் பற்றி 1795இல் வெளியிட்ட நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. நீரைத் தினமும் மாற்றுவது நல்ல வளர்ப்பின் அடையாளமாக இக்காலத்தில் நிலைபெற்றது. கூடவே நீரில் எதையாவது போடும் பழக்கமும் வளர்ந்தது. சத்துக்கென்று துருப்பிடித்த ஆணியைக் கிண்ணத்தில் போட்டு வைப்பது அவற்றில் பரவலானது. ஆணி பெரும்பாலும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் நீர் என்பது மருந்தை ஏற்றி அனுப்பும் வண்டி என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

தண்ணீர் வேண்டாத கிளி

இந்த வரலாற்றில் மிகக் கொடிய பகுதி 19ஆம் நூற்றாண்டின் கிளி வணிகம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சாம்பல் கிளிகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் வந்தன. கிளிகளுக்குத் தண்ணீரே கூடாது, கொடுத்தால் செத்துப்போகும் என்ற நம்பிக்கை மாலுமிகளிடமும் வணிகர்களிடமும் வேரூன்றியிருந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் காப்பியிலோ பாலிலோ நனைத்த ரொட்டியைக் கொடுத்தார்கள். வாங்கிச் சென்றவர்களுக்கும் அதே அறிவுரை. இப்படிப் பல கிளிகள் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ஒரு கிண்ணம் தண்ணீரைக் காணாமல் இருந்தன. நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிளி வளர்ப்பு நூல்களை எழுதியவர்கள் இதைக் கொடுமை என்று கண்டித்தனர்.

இப்படி ஒரு நம்பிக்கை எப்படி நிலைத்தது? புதிதாக இறக்குமதியான கிளிகள் குடல் நோயால் பெருமளவில் இறந்தது உண்மை. மாதக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடந்த கப்பல் தண்ணீர் நாறியதும் உண்மை. கெட்ட தண்ணீர் குடித்த கிளி செத்ததைப் பார்த்தவர்கள் குற்றத்தைத் தண்ணீரின் மேலேயே சுமத்தியிருக்கலாம். கெட்டுப்போனதை மாற்றுவதைவிட முழுவதும் நிறுத்துவது கப்பலில் எளிது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பறவை இயற்கையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பட்ஜெரிகர் பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளிகள் பெரும்பாலும் இவைதாம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜெரிகர் வறண்ட உள்நாட்டுப் பறவை. உலர்ந்த விதையை மட்டும் தின்று, உணவு உடலில் எரியும்போது உண்டாகும் நீரைக் கொண்டே மிதமான வெப்பத்தில் வாரக்கணக்கில் தாங்கும் திறன் அதற்கு உண்டு என்று டாம் கேட், ஜான் டைபாஸ் ஆகியோரின் 1962ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தாங்கும் என்பதற்கு வேண்டாம் என்று பொருள் அல்ல. மேலும், பாலைவனக் கிளிக்கு உள்ள அந்தத் திறனை மழைக்காட்டிலிருந்து வரும் சாம்பல் கிளியிடம் எதிர்பார்க்க முடியாது. பறவை உடனே சாகவில்லை என்பதால் தவறான வளர்ப்பு சரியானதாகத் தோன்றிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

தெளிந்த நீர், தூய நீர்

இதே நூற்றாண்டில்தான் மனிதர் குடிக்கும் நீரைப் பற்றிய கருத்தும் தலைகீழாக மாறியது. அதுவரை நிறம், மணம், சுவை மூன்றும் சரியாக இருந்தால் நல்ல நீர். 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ பிராட் தெருவின் அடிகுழாயைச் சந்தேகித்தார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தக் குழாயின் நீர் தெளிவுக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்த ஒரு கைம்பெண் அந்தச் சுவையை விரும்பி நாள்தோறும் அங்கிருந்து நீரை வரவழைத்துக் குடித்து, அதனாலேயே இறந்தார். காலரா பறவை நோய் அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது என்ற பாடம் இங்கிருந்துதான் எல்லா வளர்ப்புக் கலைகளுக்கும் சென்றது.

பறவையின் சிறிய உடல் நஞ்சை முன்கூட்டியே உணர்த்தும் என்பதை அந்நூற்றாண்டு அறியாமல் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் நச்சுக்காற்றைக் கண்டறியக் கேனரியைக் கொண்டு செல்லலாம் என்று உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் 1890களில் பரிந்துரைத்தார். காற்றுக்குச் சான்றாக நம்பப்பட்ட அதே பறவையை, தண்ணீர் விஷயத்தில் யாரும் அவ்வளவு கூர்ந்து கவனிக்கவில்லை.

குளோரின் பற்றிய அச்சம்

1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குச் செல்லும் நீரில் மருத்துவர் ஜான் லீலின் முயற்சியால் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த முறை உலகெங்கும் பரவியது. குழாய் நீரில் ஒரு மருந்து வாடை வரத் தொடங்கியதும் பறவை வளர்ப்போருக்கு அச்சம் வந்தது. மீன் வளர்ப்பவர்கள் குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வெளியேறிய பிறகே தொட்டியில் ஊற்றுவார்கள். பறவைக்காரர்களும் அதையே பின்பற்றினார்கள்.

இங்கேதான் ஒரு துறையின் அறிவு இன்னொரு துறைக்குப் பொருந்தாமல் போனது. மீனுக்குச் செவுள் உண்டு. நீரில் உள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோராமின் செவுள் வழியே நேராக இரத்தத்தில் கலக்கும். பறவை நீரைக் குடிக்கிறது, நீரில் மூச்சு விடுவதில்லை. மனிதர் குடிக்கத் தகுந்த அளவு குளோரின் அதன் குடலுக்குக் கேடு செய்வதாகத் தெரியவில்லை. கோழிப்பண்ணைகளில் குடிநீரில் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும்படி வேண்டுமென்றே பார்த்துக்கொள்கிறார்கள். இந்தியக் குடிநீர்த் தர விதி குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது.

குளோரினை வெளியேற்றிய நீருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது பலரும் கவனிக்காத மறுபக்கம். ஒரு நாள் திறந்து கிடந்த நீரைக் கூண்டில் ஊற்றி, அது மேலும் ஒரு நாள் எச்சத்தோடும் தீனித் தூசியோடும் கிடந்தால், கிருமி பெருகுவதைத் தடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கொதிக்க வைத்த நீருக்கும் இது பொருந்தும். கொதிப்பது அப்போதுள்ள கிருமியைக் கொல்லும். பிறகு விழுவதைக் கொல்லாது. காரீயம், நைட்ரேட் போன்றவற்றைக் கொதிப்பது அகற்றாது. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும்.

1986

பறவை நீரின் வரலாற்றில் 1986ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, புதிய குடிநீர் இணைப்புகளில் காரீயக் குழாயும் காரீயப் பற்றாசும் தடை செய்யப்பட்டன. விட்ருவியஸ் சொல்லி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஆகியிருந்தது. அவ்வாண்டின் முடிவில் பிரிட்டன், சுரங்கக் கேனரிகளுக்குப் பதிலாகக் கருவிகளைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் 'புதுக்கம்பி நோய்' பற்றிய கட்டுரை வந்ததும் அதே ஆண்டில்தான்.

துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1837இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கூண்டுக் கம்பி, வலை, வாளி, தண்ணீர்த் தட்டு எல்லாம் இந்தப் பூச்சோடு வந்தன. நம் கடைகளில் ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வாளி என்று கேட்டு வாங்குவது இதைத்தான். புதுக் கம்பியில் தொங்கும் துத்தநாகத் துளிகளைக் கிளிகள் கொத்தி விழுங்கி நஞ்சுக்கு ஆளாயின. இளைப்பு, சோர்வு, பச்சை நிற எச்சம், பிறகு சாவு. வளர்ப்பவர் பறவைக்கு நல்லது செய்வதாக நினைத்துப் புதுக் கூண்டு வாங்கிய பிறகே இது நேர்ந்ததால் காரணம் எளிதில் புலப்படவில்லை.

தண்ணீரோடு இதற்கு நேரடி உறவு உண்டு. துத்தநாகம் வெறும் நீரில் மெல்லவும், புளிப்பான நீரில் விரைவாகவும் கரையும். 19ஆம் நூற்றாண்டில் கோழி வளர்ப்போர் 'டக்ளஸ் கலவை' என்ற ஒன்றை நீரில் ஊற்றினார்கள். அன்னபேதி உப்பும் சிறிது கந்தக அமிலமும் கலந்தது அது. இன்று சிலர் ஆப்பிள் வினிகர் ஊற்றுகிறார்கள். மண், பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரத்தில் இது எப்படியோ, துத்தநாகம் பூசிய தட்டில் ஊற்றினால் சத்துநீரே நஞ்சு வடிக்கும் நீராகிவிடும். 30, 40 கிராம் எடையுள்ள பட்ஜெரிகரின் உடலில் சிறு அளவும் பெரிய அளவுதான்.

கிண்ணம்

கடந்த அரை நூற்றாண்டில் கவனம் ஊற்றிலிருந்து கிண்ணத்துக்கு நகர்ந்திருக்கிறது. பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலத்தைக் கட்டி வாழ்வதே அதிகம் என்று பில் காஸ்டர்டன் என்ற கனடிய நுண்ணுயிரியலாளரும் உடனிருந்தோரும் 1978இல் பொதுவாசகர்களுக்கு விளக்கி எழுதினர். இரண்டு நாள் கழுவாத குடத்தின் உட்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் வழுவழுப்பு இதுதான். நீரை மட்டும் மாற்றினால் படலம் போகாது. தேய்த்துக் கழுவினால்தான் போகும். பறவைக்கூடங்களில் தொல்லை தரும் சூடோமோனாஸ் கிருமி தோட்டக் குழாய்க்குள்ளும் தண்ணீர்ப் புட்டிக்குள்ளும் இப்படிக் குடியிருக்கக் கூடியது.

எச்சம் விழாதிருக்க, நுனியில் குண்டு வைத்த புட்டிகள் வந்தன. கிண்ணத்தைவிட அவற்றில் அழுக்கு குறைவு. ஆனால் குழல் நுனியில் படலம் கட்டும். குண்டு சிக்கிக்கொண்டால் புட்டி நிறைய நீர் இருந்தும் பறவை தாகத்தால் வாடும்.

பொதுக் கிண்ணத்தின் வழியே நோய் பரவுவதைப் புறாக்காரர்கள் முதலில் அறிந்தார்கள். ட்ரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி புறாவின் தொண்டையில் புண் உண்டாக்கும். நோயுற்ற பறவை குடித்த நீரை அடுத்த பறவை குடிக்கும்போது தொற்றும். 2005இல் பிரிட்டனில் அது காட்டுக் குருவிகளுக்குத் தாவி, பச்சைக் குருவி எனப்படும் கிரீன்ஃபிஞ்ச் இனம் பெருமளவு அழிந்தது. அன்போடு தோட்டத்தில் வைத்த தீனித்தட்டும் நீர்த்தொட்டியுமே தொற்றின் இடங்களாக இருந்தன. இந்த உயிரி காய்ந்த பரப்பில் நெடுநேரம் தாங்காது. இரண்டு கிண்ணங்கள் வைத்துக்கொண்டு, ஒன்று கூண்டில் இருக்கும்போது மற்றதைக் கழுவி வெயிலில் காய வைக்கும் வழக்கம் இதனால்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

நீரில் மருந்து கலக்கும் பழைய பழக்கமும் மதிப்பிழந்துவிட்டது. 1929–30இல் தென் அமெரிக்கக் கிளிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளிக்காய்ச்சல் பரவி மனிதர் பலர் இறந்தனர். 1930 ஜனவரியில் அமெரிக்கா கிளி இறக்குமதியைத் தடை செய்தது. அது மூச்சுத் தூசியால் பரவும் நோய். பின்னர் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தபோது நீரில் கலந்து கொடுப்பது எளிதாகத் தோன்றியது. ஆனால் மருந்தின் கசப்பால் பறவை குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். எவ்வளவு உள்ளே போனது என்றும் தெரியாது. அதனால் மருத்துவர்கள் தீனியில் கலப்பதையோ நேரடியாகக் கொடுப்பதையோ விரும்புகிறார்கள்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வளர்க்கும் உயிருக்குப் போதிய உணவும் குடிநீரும் தராதிருப்பதைக் குற்றம் என்கிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூடவே கூடாது. நீர் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அங்கு எழாது. வெளிநாட்டுச் சிறு பறவைகளை வளர்க்கும் தமிழ்நாட்டு வீடுகளில் இன்று ஆழ்துளைக் கிணற்று நீரா, மாநகராட்சிக் குழாய் நீரா, ஆர்.ஓ. நீரா, கேன் தண்ணீரா என்று பேசப்படுகிறது. வீட்டார் நம்பிக் குடிக்கும் நீர் எதுவோ அதுவே பறவைக்கும் போதும் என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. ஆர்.ஓ. நீரில் தாது உப்பு குறைவு. அதைத் தீனியும் கணவாய் ஓடும் ஈடுசெய்யும். கேன் தண்ணீரைத் திறந்து பல நாள் வைத்து ஊற்றினால் அது குளோரின் போன குழாய் நீரின் நிலைக்கே வந்துவிடும். கோடையில் கிண்ணத்து நீரைக் காலையிலும் மாலையிலும் மாற்ற வேண்டியிருக்கும். கிளிகள் தீனியைக் கொண்டுவந்து தண்ணீரில் நனைத்துத் தின்பதால், காலையில் ஊற்றிய நல்ல நீர் உச்சிவேளைக்குள் கஞ்சியாகிவிடுகிறது.